மூன்றரை மணிவரை மௌனம்

“ஏழாவது பத்தி இருக்கா, எடுத்துட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க அங்கிள்.”

“முதல்ல இந்த சாண்ட்விச்சைத் தின்னு. பாரு, மயோனைஸ் ஒழுகி என் பேண்ட் எல்லாம் போச்சு.”

“அங்கிள்.”

“எடுக்கல. ஆனா அடைப்புக்குறி போட்டுட்டாங்க. போட்டா என்ன அர்த்தம்னு உனக்கு நான் சொல்லணுமா? வெட்டறதுக்கு முன்னாடி ஆட்டு மேல மஞ்சத்தண்ணி தெளிப்பாங்களே, அது மாதிரி.”

“யாரு போடச் சொன்னது?”

“தெற்கு. வடக்கு தலையாட்டிச்சு. நம்ம பத்ரிநாத் சார் எப்பவும் போல பேனா மூடியைக் கடிச்சிட்டிருந்தாரு. உனக்கு ஏன்ம்மா இவ்ளோ அக்கறை? நேத்துலேர்ந்து அந்த ஒரு பத்தியையே கேக்குற. உங்க தாத்தாவா எழுதி வெச்சாரு?”

நான் சாண்ட்விச்சைக் கையில் வாங்கினேன். ரொட்டி ஈரமாக இருந்தது. விரலில் ஒட்டிய வெள்ளைப் பசை என் உடம்புச் சூட்டுக்கு இளகி மணிக்கட்டை நோக்கி நகர்ந்தது. காகிதக் குவளைக்குள் அதைப் போட்டு மூடிவிட்டேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில், மேம்பாலச் சாலையைப் பார்த்து நிற்கும் நட்சத்திர விடுதியின் மூன்றாவது மாடி அரங்கம் அது. அரங்கின் பின்சுவரை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் இரண்டு நாற்காலி, இரண்டு மைக், இரண்டு ஹெட்போன். ஒன்று டென்சில் அங்கிளுக்கு, ஒன்று எனக்கு. முன்னே பேசுகிறவர்களின் பிரெஞ்சை நாங்கள் ஆங்கிலமாக்க வேண்டும், ஆங்கிலத்தைப் பிரெஞ்சாக்க வேண்டும். அரை மணி நேரம் அவர், அரை மணி நேரம் நான். அதற்கு மேல் ஒரே ஆள் செய்தால் மூளை சூடேறிவிடும்.

டென்சில் அங்கிள் கன்டோன்மென்ட் பக்கத்து ஆள். முப்பது வருஷம் ஒரு கான்வென்ட் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். நான் மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துப் படித்து, இந்த ஆட்கள் முதலில் எந்த ஓசையில் பேசியிருப்பார்கள் என்ற ஏக்கத்தில் பிரெஞ்சு கற்றுக்கொண்டவள். அந்த நாவல்களில் மனிதர்களின் உயிரைப் பற்றி முடிவெடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பனி பெய்யும். யாராவது ஒருவருடைய கை நடுங்கும். மேசையில் ஒரு வரைபடம் விரிந்திருக்கும். இந்த மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணம் பெப்பர்மின்ட்டும் ஒரு கிண்ணம் வறுத்த முந்திரியும் இருந்தன.

ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் வடகரையில் ஒரு நாடு, தென்கரையில் ஒரு நாடு. வடக்கு பிரெஞ்சு பேசும், தெற்கு ஆங்கிலம் பேசும். இரண்டுக்கும் இடையே காடு. காட்டுக்குள் ஒரு ஆயுதக் குழு. மோட்டார் சைக்கிளில் வந்து இந்தப் பக்கம் கொன்றுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள், அந்தப் பக்கம் கொள்ளையடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். இரண்டு நாடுகளும் சேர்ந்து அவர்களை ஒடுக்குவதற்கு ஓர் உடன்பாடு எழுதிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நண்பன் என்ற முறையில் நம் நாடு இடம் கொடுத்திருந்தது. எங்கள் தரப்பில் தலைமை தாங்கியவர் பத்ரிநாத் என்ற மூத்த அதிகாரி.

உடன்பாட்டில் பதினொரு பத்திகள். ஏழாவது பத்தி சொன்னது இதுதான்: தங்கச் சுரங்க முகாமிலிருந்து கடத்தப்பட்டு அந்தக் காட்டில் வைக்கப்பட்டிருக்கும் ஏழு தொழிலாளர்கள் மீட்கப்படும்வரை காட்டின் மேல் இரு நாடுகளும் குண்டு வீசுவதில்லை. பின்னிணைப்பில் ஏழு பேருடைய பெயர்கள். மூன்றாவது பெயர், கவியரசன் ராமலிங்கம், வயது முப்பத்து நான்கு, துளையிடும் இயந்திரப் பணி, இந்தியா.

கவியரசன் என் அண்ணன். பதினான்கு மாதம் ஆகிறது.

கே.ஜி.எஃப். தங்கவயலில் எங்கள் தெருப் பையன்களுக்குப் பாறையில் துளை போடுவது கைவந்த வேலை என்று உலகத்தில் எங்கேயோ இருக்கும் சுரங்கக்காரர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கடத்தின பிறகு தேடி வர ஒருவரும் இல்லை. நானும் அண்ணியும் ஏறாத அலுவலகம் கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே பதில்: தகவல் வந்தால் சொல்கிறோம். போன மாதம் எங்கள் மொழிபெயர்ப்பு ஏஜென்சி இந்தக் கூட்டத்துக்கு ஆள் கேட்டபோது, காகிதத்தில் அந்தக் காட்டின் பெயரைப் பார்த்தேன். ‘இக்கூட்டத்தின் பொருளோடு எனக்குத் தனிப்பட்ட சம்பந்தம் எதுவும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். அண்ணனுடைய பெயரை யாராவது ஒரு பெரிய ஆள் தன் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது எனக்கிருந்த ஆசை.

நேற்று வரைவுத் தாள் கூண்டுக்கு வந்தது. ஏழாவது பத்தியைப் படித்தேன். சாயங்காலம் விடுதிக்கு வெளியே நின்று, சொல்லக் கூடாத அதை, வீணா அண்ணியிடம் போனில் சொல்லிவிட்டேன்.

பதினொன்றரைக்கு என் முறை வந்தது.

இந்த வேலையில் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. மைக்கை அணைக்க மறந்தவர்களின் வாய் முழுவதும் எங்கள் காதுக்குள் இருக்கும். தெற்கின் தூதுக்குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ஜெனரல். பருத்த உடம்பு, கனிவான முகம். முந்திரியைக் கடைவாயில் வைத்து உடைப்பார், நாக்கால் துழாவுவார், விழுங்குவார், பேசுவார். முந்திரி மாவும் எச்சிலும் கலந்து குழையும் சத்தம் என் தலைக்குள்ளேயே நடப்பதுபோல் இருக்கும். ஹெட்போனின் பஞ்சு வேறு எனக்கு முன்னால் யார் யாருடைய காது வியர்வையிலோ ஊறி, பழைய எண்ணெய் வாடை அடித்தது.

ஜெனரல் மென்றபடி பேசினார். நான் அதைப் பிரெஞ்சாக்கிக்கொண்டே போனேன். எங்கள் தொழிலில் பேசுகிறவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. ஆகவே நான்தான் சொன்னேன்:

“ஏழாவது பத்தியை நீக்க வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன். விவாதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மௌன முறையில் முடித்துக்கொள்வோம்.”

மௌன முறை என்பது இவர்களுடைய வழக்கம். ஒரு மாற்றத்தைச் சொல்லி ஒரு நேரத்தைக் குறிப்பார்கள். அந்த நேரத்துக்குள் ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் மாற்றம் விழுந்துவிடும். யாரும் பேசாவிட்டால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. கை தூக்க வேண்டாம், வாக்களிக்க வேண்டாம், நாளைக்கு யாரும் யாரையும் ‘நீதானே சொன்னாய்’ என்று காட்டவும் முடியாது.

பத்ரிநாத், “மூன்றரை மணி வரை வைக்கலாமா?” என்று வடக்கைப் பார்த்தார்.

வடக்கின் தூதர் மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பிரெஞ்சில் இரண்டு வரி சொன்னார். எனக்கு இதில் சிரமம் எதுவும் இல்லை என்றார்.

அந்த அரை விநாடியை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அரங்கில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் அவருடைய ஆட்களும் நாங்கள் இருவரும்தான். எனக்குச் சிரமம் இருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அதுவே அவர் சொன்னதாகியிருக்கும். கொஞ்ச நேரம், ஒரு பத்து நிமிஷமாவது. ஆனால் என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது.

“எனக்கு இதில் சிரமம் எதுவும் இல்லை” என்று தெளிவாக, திக்காமல், அவருடைய பணிவான தொனியைக்கூட விடாமல் சொன்னேன். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு இறங்கியதுவரை எனக்குத் தெரிந்தது. என் வாயில் வேறு யாரோ துப்பிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

மதிய இடைவேளை அறிவித்தார்கள். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஜெனரல் மைக்கை அணைக்கவில்லை.

“ஏழு பேர்” என்று தன் உதவியாளரிடம் சொன்னார். முந்திரி உடைந்தது. “இரண்டு படைகள் ஏழு பேருக்காக எத்தனை மாதம் சும்மா நிற்கும்? மழை தொடங்கினால் இலை அடர்ந்துவிடும். அப்புறம் மேலேயிருந்து ஒன்றும் தெரியாது.”

“பின்னிணைப்பில் பெயர்ப்பட்டியல் இருக்கிறதே, ஐயா?”

“அதுவும் பத்தியோடு போகட்டும். பட்டியல் இருந்தால் பிறகு யாராவது எண்ணிப் பார்ப்பார்கள்.” நாக்கு துழாவியது. “இங்கே மதியத்துக்கு ஆட்டுக்கறி உண்டா?”

டென்சில் அங்கிளும் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். வரைவுத் தாளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். சங்கமித்ரா ஆர்.

“மித்ரா, உங்க அப்பா பேரு என்ன?”

“ராமலிங்கம்.”

“ஜீசஸ்” என்றார். தாளை மூடினார். “ஃபார்ம்ல டிக் போட்டுக் கொடுத்திருக்கியே, ஹுச்சி, பைத்தியக்காரி. ஏஜென்சிக்குத் தெரிஞ்சா உன்னை மட்டும் இல்ல, என்னையும் சேர்த்துத் தூக்கிடுவாங்க.”

“தெரியும் அங்கிள்.”

“தெரிஞ்சு என்ன பண்ண?” கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “சரி. பத்ரிநாத்தைப் போய்ப் பாரு. மூணு பேர்ல வாய் திறக்கறதுன்னா அந்த ஆளுதான். அவரு தமிழ் நல்லா பேசுவாரு, மல்லேஸ்வரத்துக்காரரு. பொதுவா கேளு. ‘நம்ம ஊரு ஆளுங்க சார், பாவம்’னு கேளு. அண்ணன்னு மட்டும் சொல்லிடாதே. கேட்டுச்சா? அது மட்டும் வேணாம்.”

சாப்பாட்டுக் கூடத்தில் குளிர் சாதனத்தின் ஈர வாடையும் நெய் வாடையும் ஒன்றாகக் குழைந்திருந்தன. பத்ரிநாத் தோசை சுடும் மேசைக்குப் பக்கத்தில், உயரமான வட்ட மேசையில் தனியாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கக்கத்தில் கோப்பு. நான் ஒரு தட்டில் பேருக்கு ஒரு தோசையை வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

“சார், நான் இன்டர்ப்ரெட்டர்.”

“ஓ, பூத்ல இருக்கிற பொண்ணு! உங்க குரல்தானா அது? தமிழா? நல்லதாப் போச்சு. காலைலேர்ந்து இங்கிலீஷ் பேசி வாய் வலிக்குது. எந்த ஊரு?”

“கே.ஜி.எஃப். சார். இப்ப இங்கதான் பி.ஜி. ஹாஸ்டல்ல இருக்கேன்.”

“அப்படியா! எங்க மாமா அங்க டாக்டரா இருந்தாரு. என்ன குளிர் அந்த ஊர்ல! சொல்லுங்க, என்ன வேணும்?”

“ஏழாவது பத்தி, சார். அதை எடுத்துட்டா அவங்க காட்டு மேல குண்டு போடுவாங்க. அந்த ஏழு பேர்ல மூணு பேரு நம்ம ஆளுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையிலேயே அக்கறையான பார்வை. அதுதான் என்னைக் கெடுத்தது.

“ஏம்மா, ரெண்டு நாளா யாருமே எங்கிட்ட இதைப் பத்தி வாயைத் திறக்கல. நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க. உங்களுக்கு அவங்கள்ல யாரையாவது தெரியுமா?”

பதினான்கு மாதமாக ஒரு அதிகாரியும் கேட்காத கேள்வி. டென்சில் அங்கிள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும் சொன்னேன்.

“கவியரசன் என் அண்ணன், சார்.”

பத்ரிநாத் தட்டைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவர் முகத்திலிருந்த அக்கறை போய்விட்டது. அங்கே இப்போது இருந்தது பயம். செருப்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறவரைப் போலப் பார்த்தார்.

“சம்பந்தம் இல்லைன்னு ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டீங்களா?”

“போட்டேன்.”

“இதை நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கவே கூடாதும்மா.”

கோப்பைத் திறந்தார். ஏழாவது பத்தியைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். ஓரத்தில் சின்ன எழுத்தில், எனக்குத் தலைகீழாக, ‘3.15 – ஆட்சேபம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் படித்து முடிப்பதற்குள் பென்சிலின் மறுமுனை ரப்பரால் அதைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“சார்...”

“நான் சொல்றதாத்தான் இருந்தேன். மூணேகாலுக்குச் சொல்லிட்டு, கூட்டம் முடிஞ்சதும் ஏர்போர்ட் போயிடலாம்னு இருந்தேன். இப்ப எப்படிச் சொல்வேன்? நாளைக்கு அந்த ஜெனரல் கேப்பான், உங்க பூத்ல உட்கார்ந்திருந்தது யாருன்னு. அவ சொல்லித்தான் நீ ஆட்சேபிச்சேன்னுவான். ரெண்டு நாள் பேசினது மொத்தமும் செல்லாதுன்னுட்டு எழுந்து போயிடுவான்.”

“போகட்டும் சார். உடன்பாடே வேணாம்.”

“போனா, பேப்பரே இல்லாம குண்டு போடுவான். இந்தப் பேப்பர்ல ஒன்பதாவது பத்தி இருக்கு. குண்டு போடறதுக்கு ஒரு நாள் முன்னாடி நமக்குச் சொல்லணும். அதுவாவது மிஞ்சட்டும்.”

“நான் இப்பவே வீட்டுக்குப் போயிடறேன். இங்க வரவே இல்லைன்னு வெச்சுக்குங்க.”

“நீங்க இருந்தது இருந்ததுதானேம்மா” என்று குனிந்து தாளின் மேல் ஊதினார். ரப்பர் துகள்கள் பறந்து என் தோசையின் மேல் விழுந்தன. சாம்பல் நிறத்தில், புழுக்கள் மாதிரி, நெய்யில் ஒட்டிக்கொண்டன. “ஏஜென்சிக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. பாதாம் அல்வா நல்லாயிருக்கு, எடுத்துக்குங்க.”

தட்டோடு அப்படியே நின்றேன். அவர் போன பிறகு ஒரு பணியாள் வந்து, “மேடம், ஆய்தா?” என்று, முடிந்ததா என்ற பொருளில், கேட்டுவிட்டு என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு விடுதியின் முகப்பில் விருந்தினர்களுக்காகக் கடை விரித்திருந்தார்கள். மைசூர்ப் பட்டு, சந்தன சோப்பு, சென்னபட்டண மரப் பொம்மைகள். தூதுக்குழுக்காரர்கள் பலரும் அங்கே இருந்தார்கள். ஜெனரல் ஒரு மர யானையைக் கையில் எடுத்துச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். சாயம் கையில் ஒட்டுமா, குழந்தை வாயில் வைத்தால் ஒன்றும் ஆகாதா என்று கடைக்காரப் பெண்ணிடம் மூன்று முறை கேட்டார். பேத்திக்காம். ஒன்றும் ஆகாது என்று அந்தப் பெண் சிரித்தபடி சொன்ன பிறகுதான் வாங்கினார்.

நான் கூண்டுக்குத் திரும்பினேன். டென்சில் அங்கிள் என் முகத்தைப் பார்த்தார்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“அண்ணன்னு?”

நான் தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அரங்கில் நான்கே பேர். நேரத்தைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர், பாட்டில்களை மாற்றி வைக்கும் பணியாள், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த வடக்கின் தூதர், பத்ரிநாத். மூன்றேகால் ஆனது. பத்ரிநாத் முன்னாலிருந்த மைக்கின் சிவப்பு விளக்கு எரியவில்லை. அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை திரும்பிக் கூண்டைப் பார்த்தார். என் முகம் அவருக்குக் கண்ணாடியில் தெரிந்ததா தெரியவில்லை. உடனே திரும்பிக்கொண்டார்.

மூன்று இருபத்தெட்டு.

என் மைக்கின் பொத்தான் விரலுக்கு அடியில் வழுவழுப்பாக இருந்தது. டென்சில் அங்கிள் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“பேசறதுன்னா பேசும்மா. நான் பார்க்கல.”

என்ன பேசுவது? அந்த மைக்கிலிருந்து இரண்டு நாளாக எத்தனையோ ‘நான்’ வெளியே போயிருந்தது. ஒன்றுகூட என்னுடையதில்லை. நான் ஆட்சேபிக்கிறேன் என்று சொன்னால், எந்த நாட்டின் சார்பில் என்று எழுத்தர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்பார். சொன்னால் உடன்பாடு கிழியும், கிழிந்தால் அந்த ஒரு நாள் முன்னறிவிப்பும் போகும் என்று பத்ரிநாத் சொன்னது மண்டைக்குள் ஓடியது. அது உண்மையா, என் வாயை அடைப்பதற்காகச் சொன்னதா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். கையிலிருந்த இரண்டு நிமிஷத்தை மிக நியாயமான முறையில் யோசித்தே செலவழித்தேன். அண்ணன் இந்நேரம் ஏதோ ஒரு மரத்தடியில் கால் கட்டப்பட்டு, மேலே இலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எழுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாளில் ஒரு கோடு போட்டார். தலையைத் தூக்கிப் பத்ரிநாத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்த தூதருக்குத் தாம் இப்போது எதற்குச் சம்மதித்தோம் என்பதுகூடத் தெரியாது.

நான்கு மணிக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். காலடியில் கைவினைக் கடையின் பைகள். அந்த அரை மணி என்னுடையது.

“நான் எடுத்துக்கறேன்” என்று அங்கிள் கை நீட்டினார்.

“வேணாம் அங்கிள். நானே செய்றேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எச்சில் பட்ட வாய்தானே, முழுவதும் படட்டும் என்று இருந்திருக்கலாம்.

பத்ரிநாத் தலைமை உரை படித்தார். நான் அவருக்கு அரை வாக்கியம் பின்னால் பிரெஞ்சில் போய்க்கொண்டிருந்தேன். “ஆட்சேபம் எதுவும் வரவில்லை. பத்து பத்திகள் கொண்ட இந்த உடன்பாட்டை நாங்கள் ஒருமனதாக ஏற்கிறோம். நட்பு நாடுகள் தோளோடு தோள் நிற்கும்போது பயங்கரத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை. நாங்கள் மகிழ்ச்சியடைகிறோம்.”

நாங்கள் மகிழ்ச்சியடைகிறோம் என்றேன். கைதட்டல் ஹெட்போனுக்குள் கொட்டியது. அதன் அடியில், கைதட்டலுக்கு நடுவிலும், ஒரு முந்திரி உடைந்தது.

கூட்டம் கலைந்த பிறகு வடக்கின் தூதர் கூண்டின் கதவைத் தட்டினார். பழைய நாவல்களில் வருகிறவர்களைப் போல லேசாகக் குனிந்து, பிரெஞ்சில் பேசினார்.

“மத்மொசெல், எத்தனையோ நகரங்களில் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான குரலைக் கேட்டதில்லை. தயக்கமே இல்லை. நான் சொல்ல நினைத்ததை என்னைவிட அழகாகச் சொன்னீர்கள்.”

ஒரு சந்தன சோப்பை என் கையில் வைத்துவிட்டுப் போனார். ‘நன்றி’ என்று என் வாய் தானாகச் சொல்லியது. மிக நல்ல உச்சரிப்பில்.

கழிவறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். மறுபடி கொப்பளித்தேன். அந்த சோப்பை உறையிலிருந்து பிரித்து விரலில் தேய்த்து, நாக்கிலும் பல்லிலும் ஈறிலும் தேய்த்தேன். சந்தனமும் காரமும் தொண்டையில் இறங்கிக் குமட்டியது. தொட்டியில் விழுந்த நுரையில் அந்த வாய் பேசியது எதுவும் வெளியே வந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியில் உதட்டோரம் வெள்ளையாக, காலையில் பார்த்த மயோனைஸ் மாதிரி, ஒழுகிக்கொண்டிருந்தது.

கூண்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். தட்டில் என் போன் மட்டும் மிஞ்சியிருந்தது. அண்ணி மூன்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று காதில் வைத்தேன்.

முதலாவது, பதினொன்றே முக்காலுக்கு.

“மித்ரா, நான்தான்டி. கார்மெண்ட்ஸுக்கு லீவு சொல்லிட்டேன். நேத்து நீ சொன்னதை மாமாகிட்ட சொன்னேனா, அவரு காலைல முதல் ரயிலையே புடிச்சு வந்து நிக்கிறாரு. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டு. நம்ம ஸ்ரீராம்புரம் சந்துல எல்லாரும், என்னா வீணா, உங்க மாமனாருக்குப் பொண்ணு பாக்குறீங்களான்னு கேக்குதுங்க. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிக்குது. எத்தினி மாசம் ஆச்சுடி சிரிச்சு.”

இரண்டாவது, மூன்றரைக்குச் சில நிமிஷம் கழித்து.

“இன்னும் மீட்டிங் முடியலையா? மாமா ஒரு வாய்கூடச் சாப்பிடல. பையன் பேரு கவர்மெண்டுப் பேப்பர்ல ஏறிடுச்சுன்னா அவனை யாரும் தொட முடியாதுங்கிறாரு. அது உண்மைதானே? நீ ஃப்ரீ ஆனதும் கூப்பிடு. அவசரம் ஒண்ணும் இல்ல.”

மூன்றாவது இப்போதுதான் வந்திருந்தது. பின்னணியில் ஒரு குக்கர் விசில் அடித்தது. அப்பா இருமுவது கேட்டது. அண்ணி குரலைத் தணித்து, போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினாள். அவளுடைய மூச்சு என் காதுக்குள் பட்டது.

“மித்ரா, கோச்சுக்காதே, நீ வேலையா இருப்பே. மாமாவுக்கு நான் வாயால சொன்னா நம்பிக்கை வர மாட்டேங்குது. கண்ணால பாக்கணுங்கிறாரு. சுரங்கத்துல வேலை பார்த்த மனுஷன், அவருக்கு எல்லாமே பேப்பர்ல இருக்கணும். எனக்கும் ஒருவாட்டி பாக்கணும் போல இருக்குடி. முழுசா வேணாம், உனக்குப் பிரச்சினை ஆகிடப் போகுது. அவரு பேரு இருக்கிற அந்த ஒரு பக்கத்தை மட்டும், ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்புறியா?”